சுழலும் அல்ட்ராசவுண்ட் கதீட்டரில் சிக்னல் எங்கே தொலைகிறது? படத்தை வைத்தே கண்டுபிடிக்கும் வழி

ரத்தக்குழாயின் உள்ளிருந்தே அல்ட்ராசவுண்ட் படம் எடுக்கும் ஐவஸ் கதீட்டரில், சுழலும் வகையின் நுனியில் ஒரே ஒரு சின்ன பீசோ டிரான்ஸ்டியூசர்தான் (மின்சாரத்தை ஒலியாகவும் ஒலியை மின்சாரமாகவும் மாற்றும் துண்டு) இருக்கிறது. 20 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை அனுப்பி, எதிரொலியை வாங்கி, பெரும்பாலான கருவிகளில் நிமிடத்துக்கு 1800 முறை சுற்றிவருகிறது. அதோடு இணைந்த கோஆக்ஸ் கேபிளும் (நடுக்கம்பியும் அதைச் சூழ்ந்த ஷீல்டும் கொண்டது), அந்தக் கேபிளைச் சூழ்ந்த கம்பிச்சுருள் தண்டும் ஒன்றாகவே சுற்றுகின்றன. மறுமுனையில் உள்ள மோட்டார் பெட்டி நிலையாக நிற்கிறது. சுற்றுவதிலிருந்து நிற்பதற்குச் சிக்னல் கைமாறும் இடத்தில் ஸ்லிப் ரிங் இருக்கும்; அதில் சுற்றும் உலோக வளையத்தை நிலையாக நிற்கும் பிரஷ் தொட்டுக்கொண்டே இருக்கும். அல்லது முகத்தோடு முகம் பார்த்து நிற்கும் இரண்டு ஃபெரைட் (காந்தப்பொருள்) பாதிகளால் ஆன சுழல் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்.

படம் கெட்டால் எல்லோருடைய கையும் முதலில் போவது அந்த இணைப்பைக் கழற்றத்தான். அவசரப்பட வேண்டாம். கழற்றிவிட்டால் பாதித் தடயம் அழிந்துவிடும். கோளாறு எதோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது என்று முதலில் பாருங்கள். திரையில் ஒரே மணித்திசையில் (கடிகாரத்தில் 3 மணி, 6 மணி என்பதுபோல ஒரே இடத்தில்) நிற்கிறதா, நீர்த்தொட்டியில் இருக்கும் பொருளோடு திரும்புகிறதா, கேபிளின் வளைவை நகர்த்தினால் இடம் மாறுகிறதா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் ஸ்க்ரூடிரைவர் எடுக்கும் முன்பே கோளாறின் இருப்பிடம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் மேசைமேல் செய்யும் சோதனைகள். கதீட்டர் நோயாளியின் உடலுக்குள் இருக்கும்போது படம் போனால், அங்கே ஆராய்ச்சி கூடாது. சுழற்சியை நிறுத்தி, வெளியே எடுத்து, வேறு கதீட்டர் போடுவதுதான் முறை. ஒருமுறை பயன்படுத்திய கதீட்டரைச் சரிசெய்து மறுபடி யாருக்கும் போடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மூன்று படம் பிடித்து வையுங்கள்

கருவி நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவைப்பது நல்லது. கதீட்டர் மாட்டாமல் ஒரு படம். நல்ல கதீட்டரை நீர்த்தொட்டியில் வைத்து ஒரு படம். அதே கதீட்டர் சுழலும்போது, பல்ஸ் அனுப்புவதை மட்டும் நிறுத்தி ஒரு படம். மூன்றிலும் ரிங்டவுன் கழிக்கும் மென்பொருள் வசதியை அணைத்துவிடுங்கள். ரிங்டவுன் என்பது திரையின் நடுவில் தெரியும் பளிச்சென்ற வட்டம். அதை மருத்துவர்கள் தொல்லையாக நினைப்பார்கள், அது நியாயமும்கூட. பழுது பார்க்கிற நமக்கோ அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டிரான்ஸ்டியூசர் அதிர்ந்து அடங்குவதைத்தான் அது காட்டுகிறது. ரத்தக்குழாயோடு அதற்குத் தொடர்பே இல்லை.

கதீட்டர் இல்லாமல் எடுத்த படத்திலும் நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் இருக்கும். அது அனுப்பும் பல்ஸ் ரிசீவருக்குள் நேராகக் கசிவது. டிரான்ஸ்டியூசர் இணைந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வால் நீளும். பின்னால் வரும் எல்லாமே இந்த வால் இருக்கிறதா இல்லையா என்பதைச் சுற்றித்தான்.

படம் முழுக்கக் கறுப்பு

வால் இருக்கிறது, ஆனால் வெளியே எதுவும் தெரியவில்லை என்றால் மின்பாதை நன்றாகத்தான் இருக்கிறது. ஒலி வெளியே போகவில்லை. கதீட்டரின் வெளி உறைக்குள் காற்றுக்குமிழி இருக்கும். சலைன் என்னும் உப்புநீர்க் கரைசலை ஊசிக்குழாயால் மெதுவாகச் செலுத்தி, நுனியில் குமிழி வருவது நிற்கும்வரை கழுவுங்கள். ஸ்லிப் ரிங்கைக் குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் கணிசமானவற்றுக்கு ஒரு ஊசி சலைன் போதுமாக இருந்தது.

வால் இல்லை, கசிவு வெளிச்சம் மட்டும் இருக்கிறது என்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் கதீட்டரின் ஹப் (மோட்டார் பெட்டியில் மாட்டும் முனை) முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய சத்தம் கேட்டாலும், உள்ளே இருக்கும் மின்முனை அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கலாம். கழற்றி, மறுபடி நேராக அழுத்தி மாட்டுங்கள்.

அடுத்து மல்டிமீட்டரை எடுக்கத் தோன்றும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. சுழல் டிரான்ஸ்ஃபார்மர் நேர்மின்னோட்டத்தைக் கடத்தாது. கருவிப் பக்கத்திலிருந்து அளந்தால் நிற்கும் பாதியின் சுருளை மட்டும்தான் மீட்டர் பார்க்கும். கதீட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூஜ்யம் ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். கதீட்டரை மட்டும் தனியாக அளந்தாலும் ஏமாறலாம். பீசோ துண்டு ஒரு கபாசிடர், ஆகவே நல்ல கதீட்டரும் திறந்த சுற்று போலவே காட்டும். நுனியில் இணையாக இண்டக்டர் வைத்த வடிவமைப்பு என்றால், நல்ல கதீட்டரே ஷார்ட் போலக் காட்டும்.

அதனால் கபாசிட்டன்ஸை அளவிடுங்கள். டெஃப்ளான் காப்புள்ள 50 ஓம் கோஆக்ஸ் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 95 பிகோஃபேரட். ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு 140 சொச்சம், அதோடு டிரான்ஸ்டியூசருடையது. நல்ல கதீட்டரின் அளவை எழுதிவைத்து ஒப்பிடுங்கள். ஏறத்தாழ ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஹப்பில் அறுந்திருக்கிறது. பாதி காட்டினால் பாதி வழியில். டிரான்ஸ்டியூசரின் பங்கு மட்டும் குறைந்தால் நுனியில் இருக்கும் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. இண்டக்டர் இருக்கும் கதீட்டருக்கு இந்த வழி உதவாது, அதற்கு டி.டி.ஆர். கருவி வேண்டும்; அது கேபிளில் ஒரு பல்ஸ் அனுப்பி, திரும்பிவரும் நேரத்தை வைத்து அறுந்த இடத்தைக் காட்டும். கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் சுமார் 70 விழுக்காட்டில் ஓடுகிறது. போய்த் திரும்பும் நேரத்தில் 1 நானோசெகண்ட் என்பது கேபிளில் ஏறத்தாழ 10 செ.மீ. தூரம்.

ஆரக்கால் போலக் கறுப்புக் கோடுகள்

மையத்திலிருந்து விளிம்புவரை கறுப்பாக ஒரு கீற்று, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இது சொல்லும் சேதி அதிகம்.

முதலில் கீற்றின் அகலத்தை அளவிடுங்கள். 1800 சுற்று வேகத்தில் ஒரு முழுச்சுற்றுக்கு 33.3 மில்லிசெகண்ட். அப்படியானால் 1 டிகிரி என்பது சுமார் 93 மைக்ரோசெகண்ட். படமே ஒரு கடிகாரம்தான். 10 டிகிரி அகலமுள்ள கீற்று என்றால் தொடர்பு ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் விட்டுப்போயிருக்கிறது. பிரஷ் துள்ளும்போது நேரம் இந்த அளவில்தான் இருக்கும். சுற்றுக்கு 512 வரிகள் எடுக்கும் கருவியில் ஒரு வரிக்கு 65 மைக்ரோசெகண்ட். சரியாக ஒரே ஒரு வரி மட்டும் கறுப்பாகிறது, பக்கத்து வரிகள் பழுதில்லாமல் இருக்கின்றன என்றால் அது பிரஷ்ஷாக இருக்க வாய்ப்பு குறைவு. டிஜிட்டல் பக்கத்தில் டிரிகர் (ஒவ்வொரு வரியையும் தொடங்கிவைக்கும் சிக்னல்) தவறுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கீற்றின் இடம். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே மணித்திசையில் நின்றால், ஸ்லிப் ரிங்கின் வளையத்தில் அந்த இடத்தில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம். ஹப்பைக் கழற்றி, வேறு கோணத்தில் திருப்பி மாட்டுங்கள். தொட்டியில் இருக்கும் பொருளின் படம் திரும்பும். கீற்று மட்டும் பழைய மணித்திசையிலேயே நின்றால் கோளாறு மோட்டார் பெட்டியில். பொருளோடு கீற்றும் சேர்ந்து திரும்பினால் அது தொட்டியில் இருக்கும் ஏதோ ஒன்றின் நிழல். வழிகாட்டிக் கம்பி பக்கவாட்டில் போகும் கதீட்டர் என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பிதான்.

இந்த இரண்டுமே இல்லாமல், கேபிளின் வளைவை நகர்த்தினால் கீற்று இடம் மாறுகிறது, நேராக நீட்டிவைத்தால் மறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கோஆக்ஸ் கம்பி முறிந்து, இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வளைவில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை இழுபட்டுப் பிரிகின்றன. ஸ்லிப் ரிங்கை எத்தனை முறை துடைத்தாலும் இது போகாது. கதீட்டரைக் கழிக்க வேண்டியதுதான்.

கீற்றுகள் கண்ட இடத்தில் கண்டபடி வந்தால் பிரஷ்ஷின் அழுத்தம் குறைந்திருக்கும், அல்லது தேய்ந்த தூள் சேர்ந்திருக்கும். ஒரு வளையத்துக்கு இரண்டு பிரஷ் எதிரெதிராக வைத்த வடிவமைப்பில் ஒன்று உடைந்திருந்தாலும் இப்படி வரும். இரண்டும் ஒரே நேரத்தில் துள்ளாது என்ற நம்பிக்கையில்தான் இரண்டாக வைக்கிறார்கள்.

தொடுமின்தடை கூடிவிட்டது என்று மில்லிஓம் கணக்கில் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 50 ஓம் மூலமும் 50 ஓம் சுமையும் இருக்கும் பாதையில் தொடுமின்தடை முழுதாக 1 ஓம் ஏறினாலும் சிக்னல் குறைவது நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.1 டெசிபெல்லுக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாது. படத்தைக் கெடுப்பது தடை ஏறுவது அல்ல, தொடர்பு விட்டுவிட்டு வருவது.

துடைப்பதற்கு: நாரில்லாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உப்புத்தாளோ அழிப்பானோ வேண்டவே வேண்டாம். தங்கப்பூச்சு மெல்லியது, அது போய்விட்டால் அடியில் இருக்கும் உலோகம் சீக்கிரமே ஆக்ஸைடு படிந்துவிடும்.

ஒரு முறை என்னிடம் வந்த பெட்டியில் கீற்றுகள் காலையில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் வந்துகொண்டிருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் இணைப்பு முனையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. சலைன் சிந்தி, காய்ந்து, உப்பாக நின்றிருக்கிறது. ஆல்கஹால் அதைக் கரைக்கவில்லை. தேய்த்தால் இடம் மாற்றத்தான் செய்தது. அயனி நீக்கிய நீரில் நனைத்த பஞ்சு முனையால் இரண்டு மூன்று முறை ஒற்றியெடுத்து, பிறகு ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டி, முழுதாகக் காயவைத்த பின் கீற்று போனது. வரிசை முக்கியம்: உப்புக்கு நீர் முதலில், ஆல்கஹால் பிறகு.

ஒரு பக்கம் எப்போதும் மங்கல்

கீற்று இல்லை. ஒரு பாதி கொஞ்சம் வெளிச்சம், எதிர்ப்பாதி கொஞ்சம் மங்கல், நடுவில் எல்லை தெரியாமல் மாறுகிறது. கதீட்டர் குழாயின் நடுவில் இல்லாமல் ஒரு சுவரோடு ஒட்டியிருந்தாலும் படம் இப்படித்தான் இருக்கும். அதனால் சுவரைப் பார்க்காதீர்கள், ரிங்டவுன் வட்டத்தைப் பாருங்கள். அது சுற்றிலும் ஒரே வெளிச்சமாக இருந்தால் மின்பாதை சரி. அதுவும் ஒரு பக்கம் மங்கினால் சுழல் டிரான்ஸ்ஃபார்மர் தள்ளாடுகிறது.

இதை உறுதிசெய்ய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. கதீட்டரைக் கழற்றிவிட்டு, நிற்கும் பாதியின் சுருளில், இண்டக்டன்ஸ் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரை மாட்டுங்கள். சுற்றும் பாதியைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இண்டக்டன்ஸ் எண் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் இரு ஃபெரைட் முகங்களுக்கும் இடையே உள்ள காற்று இடைவெளி சுற்றச் சுற்ற மாறுகிறது என்று அர்த்தம். இடைவெளி கூடினால் இண்டக்டன்ஸ் குறையும். தாங்கி (பேரிங்) தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஃபெரைட் பாதி கோணலாக ஒட்டப்பட்டிருக்கும். முதலாவதற்குத் தாங்கியை மாற்றலாம். இரண்டாவதற்குப் புதிய ஜோடிதான் வழி. பிரித்து ஒட்டிப் பார்த்ததில் எனக்கு ஒருபோதும் திருப்தியான பலன் கிடைத்ததில்லை.

வெள்ளை ஆரக்கால்கள், சுழல் கோலங்கள்

இது சிக்னல் தொலைவதால் வருவதல்ல, வேண்டாத சிக்னல் உள்ளே வருவதால் வருவது. முன்பு சொன்னபடி பல்ஸை நிறுத்துங்கள். கோலம் அப்படியே இருந்தால் வெளியிலிருந்து வரும் இரைச்சல்தான். பிறகு மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். மோட்டாரோடு இரைச்சலும் நின்றால் மூலம் மோட்டாரும் அதன் டிரைவ் சுற்றும், அல்லது உரசும் பிரஷ்.

மோட்டாரோடு வரும் வெள்ளை ஆரக்கால்களை எண்ணுங்கள். பிரஷ் இல்லாத மூன்று ஃபேஸ் மோட்டார், ஆறு படிகளாக மாற்றும் டிரைவ் என்றால், ஒரு துருவ ஜோடிக்குச் சுற்றுக்கு 6 மாற்றம். 4 துருவ ஜோடி என்றால் 24. திரையில் 24 ஆரக்கால் சம இடைவெளியில் அசையாமல் நின்றால் வேறு சாட்சியே வேண்டாம். இடையில் கியரோ பெல்ட்டோ இருந்தால் அந்த விகிதத்தையும் கணக்கில் சேருங்கள். ஆரக்கால்கள் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் மூலம் இந்தச் சுழற்சியோடு கட்டப்படாத வேறொரு கடிகாரம்: பவர் சப்ளை, பக்கத்துக் கருவி.

மோட்டார் இரைச்சல் என்று தெரிந்தவுடன் மோட்டாரை மாற்றிவிடாதீர்கள். நேற்றுவரை அதே மோட்டார்தான் ஓடியது, இரைச்சல் உள்ளே வரவில்லை. இன்று வருகிறதென்றால் தடுப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஸ்லிப் ரிங்கில் கோஆக்ஸின் நடுக்கம்பிக்கு ஒரு வளையம், ஷீல்டுக்கு இன்னொன்று. நடுக்கம்பியின் தொடர்பு விட்டால் படம் கறுக்கும். ஷீல்டின் தொடர்பு விட்டால் படம் ஓரளவு தெரியும், ஆனால் இரைச்சல் குபீரென்று ஏறும். ஆகவே கறுப்புக் கீற்றுக்கு நடுக்கம்பியையும் வெள்ளைக் கீற்றுக்கு ஷீல்டையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆரக்காலாக இல்லாமல் சுருள் சுருளாக, கோலம் போட்டது போல் நகரும் இரைச்சல் ஒரே அலைவரிசையில் தொடர்ந்து வரும் ரேடியோ அலை. ரிசீவரின் வெளியீட்டை ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள். 27.12 அல்லது 40.68 மெகாஹெர்ட்ஸில் கூர்முனை நின்றால் உடனே அறையைச் சுற்றிப் பாருங்கள். 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அட்டை வாசிப்பான்கள் கதவோரத்தில் இருக்கும், 13.56-ஐ இரண்டாலும் மூன்றாலும் பெருக்கினால் சரியாக இந்த இரண்டு எண்களும் வரும். 40 மெகாஹெர்ட்ஸ் கதீட்டருக்கு இதைவிடக் கெட்ட அண்டைவீடு அமையாது. வடிகட்டி வைத்தால் நம் எதிரொலியும் சேர்ந்து போய்விடும் என்பதால், ஷீல்டைச் சரிசெய்வதும் இடத்தை மாற்றுவதும்தான் தீர்வு.

நடுவைச் சுற்றி வளையங்கள்

கேபிளில் எதிரொலிப்பு என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒன்றரை மீட்டர் கேபிளில் சிக்னல் போய்த் திரும்ப சுமார் 14 நானோசெகண்ட். ஒலி திசுவில் நொடிக்கு 1540 மீட்டர் போகிறது; அந்த நேரத்துக்குப் படத்தில் கிடைக்கும் ஆழம் 11 மைக்ரோமீட்டர்தான். அது ரிங்டவுனை நீட்டும், மங்கலாக்கும், 3 மி.மீ. தள்ளி ஒரு வளையத்தைப் போட அதனால் முடியாது. பல்ஸை நிறுத்துங்கள். வளையம் மறைந்தால் உறைக்கும் டிரான்ஸ்டியூசருக்கும் நடுவே ஒலி மாறிமாறி மோதுகிறது. சம இடைவெளியில் இரண்டு மூன்று வளையம் இருந்தால் ஐயமே இல்லை. வளையம் மறையவில்லை என்றால், டிரிகரோடு கட்டப்பட்ட ஏதோ டிஜிட்டல் சிக்னல் ரிசீவருக்குள் கசிகிறது.

எங்கும் ஒரே சீராக மங்கல், நுணுக்கம் போய்விட்டது

கீற்று இல்லை, இரைச்சல் இல்லை, ஆனால் போன மாதம் தெரிந்த மெல்லிய அடுக்குகள் இப்போது தெரியவில்லை. நல்ல கதீட்டர் இரண்டு மூன்றை மாற்றிப் பார்த்தும் அப்படியே என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் இடைவெளியைச் சந்தேகிக்கலாம். இடைவெளி கூடும்போது காந்தமாக்கும் இண்டக்டன்ஸ் குறைந்து கீழ் அலைவரிசைகள் அடிபடுகின்றன. கசிவு இண்டக்டன்ஸின் பங்கு ஏறி மேல் அலைவரிசைகளும் அடிபடுகின்றன. இரு பக்கமும் நெருக்கப்பட்டுப் பட்டையகலம் சுருங்கினால் பல்ஸ் நீளும், நீண்ட பல்ஸால் மெல்லிய அடுக்கைப் பிரித்துக் காட்ட முடியாது. வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகும் மங்கலும் இதுவும் வேறு வேறு.

பெட்டி கீழே விழுந்ததா என்று கேளுங்கள். ஃபெரைட் பீங்கான் மாதிரி. மயிரிழை விரிசல் விழுந்தாலே பண்பு மாறிவிடும். யாரோ ஏற்கெனவே மாற்றியிருந்தால் எந்தப் பொருள் போட்டார்கள் என்றும் விசாரியுங்கள். மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட் சில மெகாஹெர்ட்ஸ் வரைதான் நன்றாக உழைக்கும். இந்த வேலைக்கு நிக்கல்-துத்தநாக வகை வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே கறுப்பாக இருப்பதால் மாறிப்போவது சுலபம்.

படம் இழுபடுகிறது, அல்லது முழுப்படமும் திரும்புகிறது

ஒரு பகுதி நீண்டு மறுபகுதி சுருங்கினால் நுனி சீராகச் சுற்றவில்லை. வளைவு கூடுதல், அல்லது ரத்தம் கசியாமல் தடுக்கும் வால்வை இறுக்கிவிட்டார்கள். தளர்த்துங்கள். மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. முழுப்படமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் தாவினால் சுழற்சிக் கோணத்தைச் சொல்லும் என்கோடரின் இண்டெக்ஸ் பல்ஸ் (சுற்றுக்கு ஒரு முறை தொடக்க இடத்தைக் குறிப்பது) தவறுகிறது. மெல்ல ஒரே திசையில் திரும்பிக்கொண்டே இருந்தால் ஹப்பும் தண்டும் வழுக்குகின்றன.

பெட்டியைத் திறந்து மூடிய பிறகு

படம் வந்துவிட்டது என்று அப்படியே திருப்பி அனுப்பக் கூடாது. இந்தக் கம்பி இதயத்தின் ரத்தக்குழாய்க்குள் போகப்போகிறது. சுழல் டிரான்ஸ்ஃபார்மருக்கு, நோயாளியைக் கருவியின் மின்சுற்றிலிருந்து பிரிக்கும் மின்பிரிப்பு என்ற கூடுதல் நன்மை இயல்பாகவே உண்டு. ஸ்லிப் ரிங் உள்ள பெட்டியில் அந்தப் பிரிப்பு வேறு இடத்தில் செய்யப்பட்டிருக்கும், நாம் கழற்றி மாட்டியதில் ஒரு வாஷர் விடுபட்டிருந்தாலும் அது போய்விடும். இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள சி.எஃப். வகைக் கருவிக்கு மருத்துவ மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 விதிப்படி நோயாளிக்கான கசிவு மின்னோட்டத்தின் உச்ச வரம்பு இயல்பு நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர், ஒற்றைப் பழுது நிலையில் 50 மைக்ரோ ஆம்பியர். கதீட்டரை மாட்டி, நுனியைச் சலைன் தொட்டியில் அமிழ்த்தி, சுழலும்போது ஒரு முறை, நிற்கும்போது ஒரு முறை அளந்து, இரண்டு எண்களையும் தேதியோடு பெட்டியின் பதிவேட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.